பாலத்தில் ஊர்ந்த ரயிலை உடம்பு ஏன் மறக்கவில்லை?

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி அதற்குப் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டு, ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் ஓடுகிறது. புதிய பாலம் உறுதியானது, வேகமானது. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் என்று எங்கே பேச்சுக் கொடுத்தாலும், "பழைய பாலத்துல போன மாதிரி இல்லப்பா" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லாத எங்கள் கரையில், பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வந்த சவாரி அதுதான். பாலத்தைக் கடப்பதற்காகவே குடும்பத்தோடு ரயிலேறி வந்தவர்கள் உண்டு.

மூடிய சவாரிக்காக ஏங்குவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காவில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற நீர்ச்சவாரியை 2023 ஜனவரியில் மூடினார்கள். அந்தச் சமயத்தில் அதன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தவர்கள் இருந்தார்கள். அந்த மனநிலை எனக்கு நன்றாகவே புரிகிறது. சவாரி முடிந்த பிறகும் உடம்பு அதை வைத்துக்கொண்டிருக்கிறது. எங்கே, எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அறிவியலில் தெளிவான பதில்கள் இருக்கின்றன. பழைய பாலத்தை வைத்தே அவற்றைச் சொல்லிவிடலாம்.

பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய பாலத்தில் ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவுக்குத்தான் ஊர்ந்தது. அப்படியென்றால் கடலுக்கு மேல் ஏறத்தாழ 12 நிமிடம். புதிய பாலத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் கரை வந்துவிடுகிறது. இந்த 12 நிமிடத்தில் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதுதான் விஷயமே.

நாம் நகர்கிறோமா இல்லையா என்பதை மூளைக்குச் சொல்வது முதலில் காது. உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கும். நேர்கோட்டில் வேகம் கூடினாலோ குறைந்தாலோ அவை அசைந்து தகவல் அனுப்பும். வேகம் மாறும்போதுதான் இவை பேசும். ஒரே சீராகப் போகும்போது 'போய்க்கொண்டிருக்கிறோம்' என்று சொல்ல இவற்றால் முடியாது. அப்போது மூளை கண்ணை நம்புகிறது. பக்கத்துக் கம்பமும் வேலிக்கருவேலும் சட்டென்று பின்னால் ஓடும், தூரத்துப் பனைமரம் மெதுவாக நகரும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை வேகத்தைக் கணக்குப் போடுகிறது.

பழைய பாலத்தில் அந்தக் கணக்குக்கு வழியே இல்லை. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரம் அகலம் குறைவு; ரயில் பெட்டி அதைவிட அகலம். பக்கச்சுவர் கிடையாது. வாசற்படியில் நின்று கீழே பார்த்தால் கல் இல்லை, மண் இல்லை, நேரே தண்ணீர்தான். பக்கத்தில் இருக்கும் ஒரே பொருள் அலை. அதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அலைகள் பாலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாக் விரிகுடாவுக்குள் போகும். கண்ணின் ஓரப்பார்வை முழுக்க ஒரே திசையில் எதுவாவது நகர்ந்தால், அது நகர்வதாக எடுத்துக்கொள்ளாமல் நாம்தான் நகர்கிறோம் என்று மூளை முடிவு கட்டிவிடும். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் கிளம்பும்போது நம் ரயில் பின்னால் போவதாகத் தோன்றுவதும் இதனால்தான். பாலத்தின் மேல் அது பக்கவாட்டில் நடந்தது. ரயில் முன்னால் ஊர்கிறது, உடம்பு பக்கத்தில் மிதக்கிறது. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, வயிற்றுக்குள் ஒரு குழைவு வருமே, அது இந்த முரண்பாட்டின் விளைவு. ரோலர் கோஸ்டர் வடிவமைப்பவர்கள் பெரும் செலவு செய்து உண்டாக்கும் உணர்வு எங்களுக்கு பாசஞ்சர் டிக்கெட்டில் கிடைத்தது.

இதோடு சத்தம். மண்டபம் வரை தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி இருக்கும். அது சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். பாலத்தில் ஜல்லி கிடையாது. குறுக்குக் கட்டைகள் நேரடியாக இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தன. சக்கரத்தின் அதிர்வு உத்திரத்துக்குள் இறங்கி, இரும்புத் தகடே ஒலிக்கத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பாலம் வந்துவிட்டது தெரிந்துவிடும். "காசை எடுத்து வைங்கம்மா, பாலம் வந்துருச்சு" என்று யாராவது சொல்வார்கள். கடலுக்குப் போடச் சில்லறை தேடும் கைகளின் அவசரமும் அந்தச் சத்தமும் எனக்கு இன்றுவரை பிரியவில்லை.

பயமும் இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்துக்கு சிக்னல் விழாது. ரயில் கரையிலேயே காத்திருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோனது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் உத்திரங்களும் சரிந்தன. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார்கள். பெட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவராவது இந்தக் கதையைச் சொல்லாமல் பாலம் கடந்ததில்லை. இப்படி லேசான பயம் தொடும்போது நார்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொண்டு, நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸை முடுக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நடப்பது ஆழமாகப் பதிகிறது. நூறு பேருந்துப் பயணம் மறந்துபோய், ஒரு பாலம் மட்டும் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ரயிலுக்காக மட்டுமல்ல, தூக்குப் பாலத்தைப் பார்ப்பதற்காகவும் ஆட்கள் கூடுவார்கள். கப்பல் வரும்போது பாலத்தின் நடுத்துண்டு இரண்டு கைகளாகப் பிரிந்து வானத்தைப் பார்த்து எழும். 1914 பிப்ரவரியில் பாலம் திறந்த நாளிலிருந்து இருந்த ஏற்பாடு அது. வடிவம், 1890களில் சிகாகோவில் வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளர் உருவாக்கியது. ஒவ்வொரு கையும் 400 டன்னுக்கு மேல். அதை இரு கரையிலும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் தூக்கினார்கள். சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. விளக்கம் கிடைத்தபோது பாலத்தின் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

சாதாரணத் தூக்குப் பாலம் ஓர் அச்சில் கதவு மாதிரித் திரும்பும். அவ்வளவு எடையும் அச்சில் உரசும். ஷெர்சர் அச்சையே எடுத்துவிட்டார். கையின் அடிப்பகுதியை வளைந்த வட்டப்பகுதியாகச் செய்து, சமதளமான இரும்புப் பாதையின் மேல் உட்கார வைத்தார். பின்பக்கத்தில் எதிர் எடை. கை எழும்போது அந்த வட்டப்பகுதி பாதையில் பின்னோக்கி உருளும். வழுக்காமல் இருக்கப் பாதையில் பல் இருக்கும், வளைவில் அதற்கான குழி இருக்கும். உரசல் போய் உருளல் வந்ததுமே பாதி வேலை குறைந்துவிடுகிறது. கை எழுவதோடு பின்னுக்கும் நகர்வதால், கப்பலுக்கு வழி இன்னும் அகலமாகக் கிடைக்கிறது.

மீதிப் பாதி வேலையைத்தான் எதிர் எடை முடிக்கிறது. கையும் எதிர் எடையும் சேர்ந்த மொத்தத்தின் எடை மையம், அந்த வளைவின் வட்ட மையத்திலேயே விழும்படி கணக்கிட்டிருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்தைப் பாருங்கள்: சமமான சாலையில் சக்கரம் எத்தனை சுற்று உருண்டாலும் குடம் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அதேபோல ஷெர்சரின் கை வானத்துக்கு எழும்போதும் அதன் எடை மையம் ஒரு விரற்கடை கூட உயர்வதில்லை, கிடைமட்டமாகப் பின்னால் போகிறது. எடை மையம் உயராவிட்டால் ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலையே இல்லை. கொஞ்சம் உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். அதற்கு மனிதக் கை போதும்.

புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு முழுவதும் படுத்தபடியே 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலே போகிறது. அங்கேயும் எதிர் எடைதான் சுமையைச் சமன் செய்கிறது. கோபுரம், கம்பிவடம், மின்மோட்டார் என்று ஏற்பாடு வேறு. நல்ல பொறியியல். ஆனால் மனிதர்கள் சுற்றச் சுற்ற இரும்பு எழுந்த காட்சிக்கு இருந்த ஈர்ப்பு தனி என்றே நான் நினைக்கிறேன். எவ்வளவு முயற்சி, எவ்வளவு பலன் என்பது பார்க்கிறவர் கண்ணுக்கே தெரிந்தது.

இனி ஏக்கத்துக்கு வருவோம். 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் இதை ஒரு நோய் என்றே எழுதினார். இன்றைய ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடெஸ், டிம் வில்ட்ஷுட் இருவரும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தனிமையும் மனச்சோர்வும் வரும்போது பழைய நினைவு தானாக எழுகிறது. எழுந்ததும் 'நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வைத் திருப்பித் தருகிறது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரருக்கு ராத்திரி ஷிஃப்டில் பாலம் நினைவுக்கு வருவது பலவீனமில்லை. மனம் தனக்குத்தானே பார்த்துக்கொள்ளும் வைத்தியம் அது.

ஆனால் அந்த நினைவு ஒரு பக்கம் சாய்ந்தது. கெட்ட அனுபவத்தின் கசப்பு, நல்ல அனுபவத்தின் இனிப்பைவிட வேகமாக மங்கும் என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். காற்று குறையட்டும் என்று மண்டபத்தில் மணிக்கணக்கில் வேர்த்துக் கிடந்ததும், கைக்குழந்தைகள் கதறியதும், அவசரமாக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் தீவில் தவித்ததும் நம் பேச்சில் வருவதே இல்லை. 1988இல் சாலைப் பாலம் திறக்கும் வரை தீவுக்காரர்களுக்கு ரயிலை விட்டால் படகுதான். பழைய பாலத்தை நேசிக்கிறவன் என்ற முறையில் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாப் புலன்களிலும் பிடிவாதமானது மூக்கு. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேல்தளத்துக்குப் போகும். வாசனை அங்கே நிற்காமல் நேரே அமிக்டலாவையும் ஹிப்போகேம்பஸையும் தொட்டுவிடும். டிஸ்னியில் 1983 முதல் 1999 வரை ஓடிய 'ஹொரைசன்ஸ்' சவாரியில் ஒரு காட்சியில் ஆரஞ்சு வாசனையைப் பரப்பினார்கள்; போனவர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்த ஆரஞ்சைத்தான். எங்களுக்கு அது கடல் வாசனை. கடற்பாசியும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடுதான் அதில் முக்கியமானது. அதோடு பெட்டியில் ஏறிய கருவாட்டுக் கூடை, பிரேக் இரும்பு சூடேறிய நெடி. மூன்றும் சேர்ந்தால்தான் பாலம்.

மூடிய சவாரி ஏன் மற்ற நினைவுகளைவிட வலிக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. 1975இல் டங்கன் காடன், ஆலன் பேட்லி என்ற இருவர் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கு அடியில் மனப்பாடம் செய்த சொற்கள் தண்ணீருக்கு அடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன; கரையில் படித்தவை கரையில். 2021இல் இதைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பதிந்த சூழல் திரும்ப வந்தால் நினைவு எளிதாக எழும் என்பதற்கு வேறு பல சோதனைகளின் ஆதரவு இருக்கிறது. கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர்களிடம் கேட்டால் இதில் அவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் இடிந்தாலும் பாட்டி வீடு விற்றாலும் அதே மாதிரித் திண்ணை, அதே மாதிரி வாசனை வேறெங்காவது கிடைத்துவிடும். சுவரில்லாத உத்திரத்தின் மேல் 12 நிமிடம் கடலில் ஊர்வது வேறெங்கே கிடைக்கும்? நினைவு உள்ளே இருக்கிறது, அதைக் கிளப்பும் தூண்டுதல்தான் போய்விட்டது.

அதனால் பாலத்தின் புகைப்படங்கள் எனக்குப் போதவில்லை. சாலைப் பாலத்தில் நின்று மேலேயிருந்து எடுத்த படங்கள்தான் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த இடத்திலிருந்து யாரும் சவாரி செய்யவில்லை. வாசற்படியிலிருந்து நேர் கீழே எடுத்த வீடியோ, ஜல்லி முடிந்து இரும்பு ஒலிக்கத் தொடங்கும் அந்த நொடியின் சத்தம், இவைதான் உடம்பு பதிந்துவைத்தவற்றோடு பொருந்தும். பழைய போனில் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த மாதம் எடுத்தது, கச்சானா வாடையா, எந்தப் பக்க வாசல், ரயில் மண்டபத்திலிருந்து வந்ததா பாம்பனிலிருந்து போனதா என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.