அனனியா சொன்ன இரண்டு வருஷம்: கள்ளப்போதனை பிடிபடும் இடங்கள்

புத்தாண்டு இராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கப் போனால், அந்தத் தட்டில் எரேமியா 29:11 அநேகமாக இருக்கும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிற வசனம். இதற்கு முந்தின அதிகாரம் முழுக்க ஒரு கள்ளத்தீர்க்கதரிசியைப் பற்றியது என்பதை மட்டும் எந்த அட்டையும் சொல்லாது.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எகொனியா ராஜாவையும் கைத்தொழிலாளரையும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஆலயப் பாத்திரங்களும் போயின. சில வருஷம் கழித்து, ஓர் ஐந்தாம் மாதத்தில், கிபியோன் ஊரானாகிய அனனியா ஆலயத்தில் ஆசாரியரும் ஜனங்களும் பார்க்கப் பேசுகிறான். "இஸ்ரவேலின் தேவனாகிய சேனைகளின் கர்த்தர்" என்று எரேமியா தொடங்குவது போலவே தொடங்குகிறான். செய்திதான் வேறு: இரண்டே வருஷம், ராஜாவும் பாத்திரங்களும் திரும்பி வந்துவிடும். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து எல்லார் முன்பாகவும் உடைத்தும் காட்டுகிறான். எரேமியா அதற்கு முன்பே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்று சொல்லி, சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று தெரியும் என்றும் சொல்லியிருந்தான். நுகம் உடைந்ததும் பேசாமல் போய்விட்டான். அன்றைக்குக் கூட்டம் யார் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான்.

29ஆம் அதிகாரம் எரேமியா பாபிலோனுக்கு எழுதின கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள். திரும்பி வர எழுபது வருஷம் ஆகும். உங்கள் தீர்க்கதரிசிகளிடம் ஏமாந்துபோகாதிருங்கள் என்ற எச்சரிக்கை 8ஆம் வசனத்தில் வருகிறது. பிறகுதான் 11. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள். இவ்வளவும் தெரிந்தவர் இந்த வசனத்தைக் காட்டி "இன்னும் மூன்று மாதத்தில் விசா" என்று சொல்ல மாட்டார். சொன்னால் அவர் வாசிப்பது எரேமியாவின் வசனம், பேசுவது அனனியாவின் செய்தி.

இங்கே மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்பதை, நான் எதை எதிர்பார்க்கிறேனோ அது கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. எபிரெயத்தில் இருப்பவை அகரித், திக்வா என்ற இரண்டு சொற்கள்: எதிர்காலம், நம்பிக்கை. நம் ஆசைகளின் பட்டியலுக்கு அதில் இடமில்லை. ஆகவே ஒரு போதனை முழுவதும் ஒரே சொல்லில் தொங்கினால், பழைய திருப்புதலோடு புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டிலும் நிற்காத போதனை மூலத்தில் பெரும்பாலும் நிற்காது.

பொய் வசனத்தைக் கொண்டு யாரும் பிரசங்கிப்பதில்லை. வசனம் சரியாகத்தான் இருக்கும். எங்கே வெட்டினார்கள் என்பதுதான் விஷயம். 3 யோவான் 2, காயு என்ற நண்பருக்கு எழுதின கடிதத்தின் நல விசாரிப்பு. அதைச் செல்வத்துக்கான ஒப்பந்தமாக வாசிக்கிறார்கள். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" (பிலிப்பியர் 4:13) என்பதற்கு முந்தின வசனம் பட்டினியாயிருக்கவும் தெரியும் என்கிறது. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லுகிறது மல்கியா 3:10; அந்தப் பண்டசாலை தானியம் வைக்கிற இடம். நெகேமியா 13:10ஐ வாசித்தால், தங்கள் பங்கு கிடைக்காத லேவியர் வயல் வேலைக்கு ஓடிப்போன நிலை தெரியும். அந்த வசனத்தை வைத்து ஒரு தனி ஊழியருடைய வங்கிக் கணக்கைப் பண்டசாலை என்று அழைப்பது துணிச்சல்தான்.

சோதிக்கும் முறை எளிது. கூட்டத்துக்கு நோட்டும் பேனாவும் கொண்டுபோய், சொல்லப்பட்ட ஒவ்வொரு வசன எண்ணையும், அதிலிருந்து எடுத்த முடிவை ஒரு வரியிலும் எழுதுங்கள். வீட்டில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னே பத்து, பின்னே பத்து வசனம் வாசியுங்கள்; நிருபமாக இருந்தால் முழு அதிகாரம். யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னார்கள் என்று மூன்று கேள்வி கேட்டாலே போதும். பெரோயா ஊரார் பவுலையே இப்படித்தான் சோதித்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). பவுல் கோபப்பட்டதாக எழுதியில்லை. இரண்டு மணி நேரப் பிரசங்கத்தில் நோட்டில் இரண்டே வசனமும் பத்து சாட்சியும் இருந்தால், அதுவும் ஒரு தகவல்.

"அவர் என் பெயரைச் சொல்லி, என் வியாதியையும் சொன்னாரே" என்பதுதான் எல்லா வாதத்தையும் வாயடைக்கிற வாதம். உபாகமம் 13 இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது: அடையாளம் பலித்தாலும், அதைச் சொன்னவன் உன்னை எங்கே இழுக்கிறான் என்று பார். அந்த அடையாளங்கூட உண்மையான அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கியார் முன்பின் தெரியாதவர்களின் பெயர், முகவரி, வியாதி எல்லாம் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார். 1986இல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ரேடியோ ஸ்கேனரோடு கூட்டத்துக்குள் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி. கூட்டம் தொடங்குமுன் ஜனங்கள் எழுதிக் கொடுத்த ஜெப அட்டைகளை அவர் வாசிக்க, பிரசங்கியாரின் காதிலிருந்த சிறு கருவியில் அது கேட்டது. ஊழியம் அடுத்த வருஷம் திவாலானது.

இப்போது ஸ்கேனருக்கு வேலையில்லை. பதிவுப் படிவம், ஜெப விண்ணப்பத்துக்கான வாட்ஸ்அப் எண், உங்கள் ஃபேஸ்புக் பக்கம் எல்லாம் நாமே கொடுத்தவை. எவரிடமும் நீங்கள் கொடுக்காத விவரம் வெளியே வந்ததா என்று முதலில் யோசியுங்கள். "இங்கே முதுகுவலியோடு ஒரு சகோதரி" என்றால், ஆயிரம் பேர் கூட்டத்தில் இல்லாமலா போவார்? தீர்க்கதரிசனமாகத் தேதி சொன்னால் சொன்ன வார்த்தையை அப்படியே, நாளோடு எழுதி வையுங்கள். நடக்காதபோது "உன் விசுவாசம் குறைவு" என்ற பதில் வந்தால் உபாகமம் 18:22ஐத் திறங்கள்: வார்த்தை நிறைவேறாவிட்டால் அந்த வசனம் குற்றத்தைச் சொன்னவன்மேல் வைக்கிறது, கேட்டவன்மேல் அல்ல. கலிபோர்னியாவின் வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் உலக முடிவுக்கு 1994ஐக் குறித்து, பிறகு 2011 மே 21 என்றார், அதுவும் போனபின் அக்டோபர் என்றார். கடைசியில் 2012இல் தவறென்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவரை மதிக்கலாம், அதற்குள் வேலையை விட்டவர்கள் விட்டதுதான்.

பணத்தைப் பற்றி மிகப் பழைய சபை நம்மைவிடக் கறாராக இருந்தது. திதாக்கே என்ற சிறு நூல் முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் கிடைத்து, 1883இல் அச்சானது. ஊர் ஊராக வருகிற ஊழியருக்கு அதன் 11ஆம் அதிகாரம் விதி வைக்கிறது: ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு, மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும். பணம் கேட்டாலும் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பந்தி வைக்கச் சொல்லிவிட்டு அவனே அதில் சாப்பிட்டாலும் அப்படியே. ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் குற்றப்படுத்தாதே. கிறிஸ்துவை வைத்துப் பிழைப்பவன் என்பதற்கு அடுத்த அதிகாரத்தில் ஒரு தனிச்சொல்லே இருக்கிறது.

இந்த விதியை இன்றைக்கு அப்படியே வைக்க முடியாது. சபைப் போதகருக்குச் சம்பளம் நியாயம். ஆனால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். டிரஸ்ட் பெயரா, தனி ஆள் பெயரா? ரசீதில் பதிவு எண் உண்டா? எண்ணும்போது எத்தனை பேர் கூட இருக்கிறார்கள், வருஷக் கணக்கு சபையில் வாசிக்கப்படுகிறதா? எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களோடு அனுப்பினார், காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:19-21). "விதை காணிக்கை" என்று தொகை குறித்து, இன்று இரவுக்குள் என்று கெடுவும் வைத்தால், எழுந்து வெளியே வருவதில் பாவமில்லை.

கேள்வி கேட்டதும் வருகிற கவசம் சங்கீதம் 105:15: அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள். இதையும் பத்து வசனம் முன்னே போய் வாசியுங்கள். அங்கே பேசப்படுவது ஆபிரகாம் குடும்பம், சொற்பமான பரதேசிகள். எச்சரிக்கை பெறுகிறவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவன் பலவீனனை நசுக்காதிருக்கச் சொன்ன வார்த்தை அது. பின்னணியான ஆதியாகமம் 20இல், சாராளைத் தன் சகோதரி என்று சொன்ன ஆபிரகாமை அபிமெலேக்கு நேருக்கு நேர் கண்டிக்கிறான். அதற்காகத் தேவன் அவனைத் தண்டிக்கவில்லை. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்ததும் எழுதியிருக்கிறது.

கேட்காமலே யாரையும் கள்ளன் என்று முத்திரை குத்துவதும் தவறு. ஞானஸ்நான முறை, அந்நியபாஷை பற்றிய கருத்துவேறுபாடு கள்ளப்போதனை ஆகாது. யோவான் 1ஆம் நிருபம் 4:2 வைக்கிற கேள்வி இயேசுவைப் பற்றியது. அப்பொல்லோ பாதி தெரிந்துகொண்டு பிரசங்கித்தபோது பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தனியாக அழைத்துப்போய்த் திருத்தினார்கள், அவர் ஏற்றுக்கொண்டார். முதலில் தனியே, மரியாதையாக, வசன எண்களோடு கேளுங்கள். "ஐயா, இதற்கு முந்தின வசனத்தை எப்படி எடுத்துக்கொள்வது?" என்ற ஒரு கேள்வி போதும். வருகிற பதிலைவிட, பதில் வருகிற விதத்தைக் கவனியுங்கள்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து எதையாவது விசுவாசத்தின் பேரில் நிறுத்தச் சொன்னால், அன்றைக்கே குடும்பத்தார் தலையிட்டு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். வாதம் பிறகு. நோயாளி "விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்கிறீர்களா?" என்று அழுதால், பவுலின் கடைசி நிருபமான 2 தீமோத்தேயுவை எடுத்து 4:20ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.