டிக்கியில் வைத்தால் பத்திரம் என்று யார் சொன்னது?

சான் பிரான்சிஸ்கோவில் குடும்பப் படங்கள் எடுப்பது என் தொழில். போன வாரம் பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் குளக்கரையில் வேலை முடித்துத் திரும்பும்போது, பக்கத்தில் நின்ற வாடகைக் காரின் பின்பக்கச் சின்னக் கண்ணாடி உடைந்து கிடந்தது. அப்பா அம்மாவின் பாஸ்போர்ட், மகனின் கேமரா, யோசமிட்டி தேசியப் பூங்காவில் எடுத்த படங்கள் இருந்த கார்டு, எல்லாம் போய்விட்டன. அந்த அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வெளியே எதையும் வைக்கலையே, எல்லாம் டிக்கியிலதானே இருந்துச்சு" என்று மகன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டிக்கி பெட்டகம் அல்ல! பின்கதவை ஒட்டிய சின்னக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, பின்சீட்டின் சாய்மானத்தை முன்னால் மடித்தால் டிக்கி முழுவதும் கைக்கு எட்டும். பூட்டைத் தொடவே வேண்டாம். அரை நிமிட வேலை. எஸ்யூவி என்றால் அதுகூட இல்லை, சாமான்மேல் ஒரு துணித் திரை, அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடியை நம்புகிறவர்களும் உண்டு. கண்ணாடியில் டார்ச்சை ஒட்டி அடித்தால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும்.

பெரும்பாலும் அந்தச் சிரமம்கூடத் திருடர்களுக்கு இல்லை. நாமே காரை நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து, பையை உள்ளே தள்ளிவிட்டுப் போகிறோம். எதிரே ஒரு காரில் இருப்பவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவிலா என்று கேட்பார்கள். ஆமாம், நடுவில்தான். ட்வின் பீக்ஸ், அலமோ ஸ்கொயர், லொம்பார்ட் தெரு வளைவுகள், கோல்டன் கேட் பாலத்துக்கு அக்கரையில் பேட்டரி ஸ்பென்சர்: எங்கே படம் அழகாக வருமோ அங்கேதான் பைகளும் வருகின்றன. ஜூலை, ஆகஸ்டில் மூடுபனி ஏறி, கோல்டன் கேட் பாலத்தின் 746 அடிக் கோபுரங்களின் உச்சி மட்டும் மேலே தெரியும். அதற்காக ஒரு மணி நேரம் ட்ரைபாடோடு காத்திருக்கலாம், தகும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கார் தனியாக நிற்கிறது.

கண்ணாடி உடைப்பு முன்பைவிடக் குறைந்திருப்பது உண்மை. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

தயவுசெய்து, அறையைக் காலி செய்யும் நாளில் பெட்டிகளோடு ஊர் சுற்றாதீர்கள். பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பில் விட்டுவிட்டு வாருங்கள், கேட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். கேமராப் பை உங்கள் தோளில் இருக்கட்டும். சுமக்க முடியாத லென்ஸை அன்றைக்குக் கொண்டுவராதீர்கள். படம் நிறைந்த கார்டு சட்டைப் பையில் இருக்க வேண்டும், இரவே பிரதியும் எடுத்துவிட வேண்டும். திருடுபோன லென்ஸை வாங்கிவிடலாம், அப்பாவும் அம்மாவும் யோசமிட்டியில் நின்ற படத்தை எங்கே வாங்குவது? முடிந்தால் காரே வேண்டாம். 28 ஆம் எண் பேருந்து கோல்டன் கேட் பாலத்தருகே இறக்கிவிடும். பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்கும் அதில் வந்து கொஞ்சம் நடந்தால் போதும்.

கண்முன் உடைத்தாலும் துரத்தாதீர்கள். 911 அழையுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கிறீர்கள் என்றால் நகரப் போலீசின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். கேமராவின் சீரியல் எண் அப்போது கையில் இருக்க வேண்டும், அதனால் ஊரில் கிளம்பும்போதே அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம் ஆகியவற்றையும் அப்படியே. இந்தியப் பாஸ்போர்ட் போயிருந்தால் இதே நகரில் இருக்கும் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது போலீஸ் புகாரைத்தான். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் அவசரச் சான்றிதழ் கிடைத்தாலும் அதை வைத்து இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே முடியும். மீதிப் பயணம் ரத்துதான்.