உயிலுக்குச் சாட்சி யார்?

உயில் எழுதியவர் கூண்டில் ஏறிப் பேச முடியாது. அது நடைமுறைக்கு வரும் நாளில் அவர் இருக்கமாட்டார். ‘இது அவர் போட்ட கையெழுத்துதான், நல்ல நினைவோடுதான் போட்டார்’ என்று அவருக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு சாட்சிகள். இதை யோசிக்காமல், பத்திரம் தயாரான நேரத்தில் பக்கத்தில் யார் நின்றார்களோ அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்து அந்தச் சாட்சியின் வீடு எங்கே என்றுகூடக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

இந்துக்களும் கிறிஸ்தவர்களும் எழுதும் உயிலுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுதான் அடிப்படை. எழுதியவர் கையெழுத்திட வேண்டும், அல்லது ரேகை வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே அந்தச் சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவர் கண்ணெதிரே சாட்சியும் கையெழுத்திட வேண்டும். (முஸ்லிம்களுக்கு விதிகள் வேறு: பொதுவாக, இறுதிச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் தேவை. வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.)

இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிரோடிருக்கும் ஒரு சாட்சியையாவது விசாரித்தாக வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 68-ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, இப்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தில் 67-ஆவது பிரிவாக இருக்கிறது. கூண்டில் ஏறும் அந்த ஒருவர் தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. இன்னொரு சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டதை அவரே சொல்ல வேண்டும். ‘நான் போட்டுவிட்டுப் போய்விட்டேன், அடுத்தவர் எப்போது போட்டார் என்று தெரியாது’ என்று குறுக்கு விசாரணையில் அவர் சொல்லிவிட்டால், இன்னொரு சாட்சியையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் சிக்கல் பெரிதாகிவிடும்.

அதனால் உயிலின் கடைசியில் வெறுமனே ‘சாட்சிகள்’ என்று போட்டு இரண்டு கோடு இழுக்காமல் இப்படி எழுதுங்கள்: “இந்த உயிலை எழுதியவர் எங்கள் இருவர் முன்னிலையில் கையெழுத்திட்டதை நாங்கள் நேரில் பார்த்தோம். அதன்பின் அவர் முன்னிலையில், ஒருவர் கையெழுத்திடுவதை மற்றவர் பார்த்திருக்க, நாங்களும் கையெழுத்திட்டோம்.” கீழே சாட்சியின் முழுப்பெயர், தந்தை பெயர், வயது, முகவரி. எழுதியவர் படிக்கத் தெரியாதவராகவோ பார்வை குறைந்தவராகவோ இருந்தால், யார் படித்துக் காட்டினார், அவர் கேட்டு ஒப்புக்கொண்டார் என்ற வரிகளும் வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘இவர்தான் அவர்’ என்று அடையாளம் காட்டக் கையெழுத்திடுபவர்கள் வேறு, உயிலின் சாட்சிகள் வேறு. பத்திர எழுத்தரும் தானாகச் சாட்சி ஆகிவிடமாட்டார். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்வது நல்லது. ஆனால் பதிவு செய்த உயிலையும் சாட்சியை வைத்து நிரூபித்துத்தான் ஆக வேண்டும். ‘ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற நம்பிக்கையில் சாட்சி விஷயத்தைக் கோட்டை விட்டவர்கள் பலர்.

சாட்சி எழுதியவரைவிடப் பத்துப் பதினைந்து வயதாவது இளையவராக, ஒரே ஊரில் நிலையாக இருப்பவராக, அவரை நன்றாக அறிந்தவராக இருக்கட்டும். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சம்மதித்தால் மிகவும் நல்லது. மனநிலை பற்றிய கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். சொத்து பெறுபவரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் சாட்சி போட்டவருக்கு எழுதியது செல்லாது (வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 67). இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

‘சந்தேகத்துக்குரிய சூழ்நிலை’ இருந்தால் அதைப் போக்குவது உயிலை முன்வைப்பவரின் பொறுப்பு என்று 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டி. நடுங்கிய கையெழுத்து, மருத்துவமனைப் படுக்கை, முழுச் சொத்தும் வாங்கும் மகனே பெரியவரை அழைத்து வந்து எல்லா ஏற்பாட்டையும் செய்திருப்பது, ஒரு பிள்ளையின் பெயரே இல்லாமல் இருப்பது, இவை எல்லாம் கேள்விக்குள்ளாகும். ஒருவருக்கு ஒன்றும் எழுதவில்லை என்றால் அவர் பெயரைச் சொல்லி, காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ‘மகளுக்குத் திருமணத்தின்போது இன்ன மனையைக் கொடுத்துவிட்டேன்’ என்ற ஒரு வரி பல வருட வழக்கைத் தடுக்கக்கூடும். மறந்துவிட்டார் என்று பிறகு யாரும் வாதாட முடியாது.

வங்கியிலோ பங்குகளிலோ நாமினி போட்டிருப்பதை உயிலுக்கு மாற்றாக எண்ண வேண்டாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர். உரிமை வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் கண்டவருக்கு. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இதை 2023 டிசம்பரில் மீண்டும் உறுதி செய்தது.

‘உயில் எதற்கு, இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று பிள்ளைகள் கேட்கும்போது நிதானம் தேவை. உயிலை உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட்டைப் பதிவு செய்து ஒப்படைத்துவிட்டால், மனம் மாறியதற்காக மட்டும் ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, ‘உணவு, மருத்துவம் உள்ளிட்ட தேவைகளைக் கவனிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது’ என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்ய அந்த நிபந்தனைதான் பிடி. நிபந்தனை அவசியம் என்று 2022-இல் வந்த தீர்ப்பும், சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ளச் சொன்ன 2025 தீர்ப்பும் இருக்கின்றன. பெரியவர்கள் தங்கள் கூரையை அந்த விவாதத்துக்கு விட்டுவிடக் கூடாது.

எழுதிய உயிலில் பேனாவால் அடித்துத் திருத்தினால், அந்தத் திருத்தத்துக்கும் எழுதியவர் கையெழுத்தும் இரு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். புதிதாக எழுதி, ‘இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்று சேர்ப்பதே சுத்தமான வழி. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை உயிலை எடுத்துப் பாருங்கள். சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ உயில் செல்லாததாகிவிடாது. ஆனாலும், எழுதியவர் தெளிவாக இருக்கும்போதே அதே வாசகத்தைப் புதுத் தேதியிட்டு, புதிய இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மறுபடியும் கையெழுத்திட்டு வைத்துவிடுவது ஒரு மணி நேர வேலை.