மருந்தைக் குறைத்தால் கரையும் கட்டி

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதமான ஒரு குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல். சளியாக இருக்கும் என்று சும்மா இருந்துவிட முடியாது. நெறியில் ஒரு துணுக்கை எடுத்து பயாப்ஸி பார்த்தால், லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வரலாம். அப்போது மருத்துவர் பெரும்பாலும் முதலில் செய்வது, குழந்தை தினமும் சாப்பிடும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் குறைப்பதுதான். கீமோவெல்லாம் அப்புறம்.

புற்றுநோய்க்கு மருந்தைக் குறைப்பதா? காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் பர்கிட் லிம்போமாவில் கண்டுபிடித்தது. எச்சில் வழியே பரவும். பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இது உண்டு. உங்களிடமும் என்னிடமும் இருக்கும். பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குள் குடியேறி, அவற்றைப் பெருகச் சொல்லித் தூண்டிவிடும். அப்படிக் கிளம்பும் அணுக்களை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் தேடிப் பிடித்துக் கொன்றுவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

பொருத்திய உறுப்பை வெளியாள் என்று தாக்குவதும் இதே டி செல்கள்தான். அதனால் டாக்ரோலிமஸ் கொடுத்து அவற்றை அடக்குகிறார்கள். உறுப்பு தப்பிக்கிறது, ஆனால் பி செல்களைக் கேட்க ஆளில்லை. குழந்தைகள் பாடு இன்னும் மோசம். வைரஸையே பார்த்திராத உடம்புக்குள், கொடையாளியின் உறுப்போடு அதுவும் வந்து இறங்கிவிடுகிறது. சிறுநீரகம் மாற்றியவர்களில் 100க்கு ஓரிருவருக்கு இந்த லிம்போமா வரும். குடல் மாற்றியவர்களுக்கு ஆபத்து பல மடங்கு, ஏனென்றால் குடலோடு ஏராளமான நிணத் திசுவும் வருகிறது, அடக்கும் மருந்தும் கூடுதலாகத் தேவை.

மருந்தைக் குறைத்தால் கட்டி கரையக்கூடும் என்று 1984இல் அமெரிக்க உறுப்பு மாற்று அறுவை நிபுணர் தாமஸ் ஸ்டார்சலின் குழு காட்டியது. எல்லோருக்கும் அல்ல, பல வருடம் கழித்து வரும் கட்டிகள் அசைந்துகொடுப்பது குறைவு. அதிகமாகக் குறைத்தாலோ உடம்பு கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கும். எனவே வைரஸ் அளவையும் கல்லீரல் என்சைம்களையும் அடிக்கடி ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பலிக்காவிட்டால், பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி. அதற்கும் மசியாதவர்களுக்காக 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் டேபெலெக்லூசெல் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. ஆரோக்கியமானவர்களின் டி செல்களை எடுத்து, இந்த வைரஸைத் தாக்கப் பழக்கி, உறையவைத்துச் சேமிக்கிறார்கள். நோயாளியின் திசு வகைக்கு ஓரளவு பொருந்துவதைத் தேடி எடுத்து, உருக்கி, ரத்தத்தில் ஏற்றுகிறார்கள்.