நாய்க்குக் கதை வாசித்தால் பிள்ளைக்கு என்ன ஆகிறது?

ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “வகுப்பில் பிள்ளைகள் நாய்க்குக் கதை வாசித்துக் காட்டினால் வாசிப்பு மேம்படும் என்கிறார்கள். நாய் அப்படி என்னதான் செய்கிறது? பார்க்க அழகாக இருப்பதால் நாமாக நம்பிக்கொள்கிறோமா?” கேள்வியின் இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விலங்குகளைத் துணையாகக் கொண்டு சிகிச்சை தரும் துறையில் இருப்பவர்களே அதை அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டும்.

செல்லப்பிராணியோடு விளையாடுவதெல்லாம் சிகிச்சை ஆகிவிடாது. விலங்குவழிச் சிகிச்சையில் ஒரு குறிக்கோள், அதை வகுத்த சிகிச்சையாளர், முன்னேற்றத்தைப் பதியும் ஏடு மூன்றும் வேண்டும். பக்கவாதத்தால் கை தளர்ந்த ஒருவரிடம் கையைத் திரும்பத் திரும்பத் தூக்கி இறக்கச் சொன்னால் சீக்கிரமே சலித்துவிடுவார். அதே கையில் பிரஷ்ஷைக் கொடுத்து நாயின் கழுத்திலிருந்து முதுகுவரை வாரிவிடச் சொன்னால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் வேலை செய்கின்றன. நாயைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்தால் கை இன்னும் நீள வேண்டியிருக்கும். எவ்வளவு தூரம் எட்டியது என்று பிசியோதெரபிஸ்ட் பக்கத்திலிருந்து குறித்துக்கொள்வார். நோயாளி நாயை வாருகிறார். பயிற்சி தானாக நடந்துவிடுகிறது.

விலங்குவழிச் சிகிச்சைக்கு முறையான வடிவம் கொடுத்தவர் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்கக் குழந்தை உளவியலாளர். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன், அவருடைய ஜிங்கிள்ஸ் என்ற நாயிடம் ஒட்டிக்கொண்டான். நாயைச் சாக்காக வைத்து மெல்ல மெல்ல அவரிடமும் பேசத் தொடங்கினான். 1960களின் தொடக்கத்தில் லெவின்சன் இதைச் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது கேலி செய்தவர்கள் உண்டு. ஆனாலும் அவர் விடாமல் எழுதினார்.

சரி, உடலுக்குள் என்ன நடக்கிறது? உடனே எல்லோரும், பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்சிடோசினைச் சொல்வார்கள். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர் மிஹோ நாகசாவாவின் குழு, நாயும் உரிமையாளரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவரின் சிறுநீரிலும் ஆக்சிடோசின் கூடுவதைக் காட்டியது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. அருமையான ஆய்வுதான். ஆனால் அங்கே இருந்தது சொந்த நாய். வகுப்பறைக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் நாய்க்கும் இது அப்படியே பொருந்தும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

என்னைக் கவர்ந்தது வேறொன்று: வியர்வை. பயந்தால் உள்ளங்கை வியர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வையையும் அளக்கலாம் என்பதில்தான் சுவை இருக்கிறது. தோலுக்குள் இருக்கும் ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியிலிருந்தும் மெல்லிய நாளம் ஒன்று மேற்பரப்புவரை வருகிறது. வியர்வை என்பது உப்புநீர். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மனம் பரபரத்தவுடன் நாளங்களில் வியர்வை மட்டம் ஏறுகிறது. அது துளியாக வெளியே வருவதற்கு முன்பே தோலின் மின்கடத்துதிறன் உயர்ந்துவிடுகிறது. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, உணரவே முடியாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால் போதும். சில நொடிகளுக்குள் மாற்றம் பதிவாகிவிடும்.

இதயத்துடிப்பை அளந்தால் போதாதா? போதாது. இதயத்துக்கு முடுக்கியும் உண்டு, பிரேக்கும் உண்டு: பரிவு நரம்புகள் வேகப்படுத்தும், எதிர்ப்பரிவு நரம்புகள் நிதானப்படுத்தும். துடிப்பு கூடினால் எது ஓங்கியது, எது தளர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. வியர்வைச் சுரப்பிகளுக்குப் போவதோ பரிவு நரம்புகள் மட்டுமே. அதனால் தோல் தரும் எண் பரபரப்பை நேரடியாகக் காட்டுகிறது. ஒரு குறை உண்டு: அந்தப் பரபரப்பு அச்சமா ஆனந்தமா என்று தோல் சொல்லாது.

இந்தக் கருவியைக் கொண்டு ஆய்வாளர் மார்கரைட் ஓஹேரும் அவரது குழுவினரும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகள், இல்லாத 76 பிள்ளைகள். மூவர் மூவராகக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை. முதலில் மௌன வாசிப்பு, பிறகு மற்ற இருவருக்கும் உரக்க வாசித்தல், பிறகு பொம்மைகளோடு விளையாட்டு, கடைசியாகக் கினிப்பன்றிகளோடு விளையாட்டு. முதல் மூன்றிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பரபரப்பு மற்றவர்களைவிட அதிகம். பொம்மை விளையாட்டில்கூடத் தணியவில்லை. எதிரே சக பிள்ளைகள் இருக்கிறார்களே! கினிப்பன்றிகள் வந்ததும், பொம்மை விளையாட்டோடு ஒப்பிட, அவர்களுடைய தோல் காட்டிய தூண்டல்கள் 43 சதவீதம் குறைந்தன. மற்ற பிள்ளைகளுக்குப் பரபரப்பு ஏறியது. அது குதூகலமாக இருக்கலாம் என்பது ஆய்வாளரின் ஊகம். ஒரே அறை, ஒரே விலங்கு, இரு வகைப் பிள்ளைகள், எதிரெதிர்த் திசைகள். “விலங்கைக் கண்டால் எல்லோருக்கும் மனம் அமைதியாகும்” என்ற பொதுப்பேச்சு இங்கே உடைந்துவிடுகிறது.

நாய்க்கு வாசிப்பதற்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999இல் இதற்கான முதல் பெரிய திட்டம் தொடங்கியது. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைக் கூட்டும் மிக வலுவான காரணங்களில் ஒன்று; 2004இல் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். தடுமாறி வாசிக்கும் பிள்ளையின் கவனத்தில் பாதி, “சிரிப்பார்களோ” என்ற கவலைக்கே போய்விடும். மிஞ்சியதை வைத்துத்தான் எழுத்தைக் கூட்ட வேண்டும். நாய் திருத்தாது, நக்கலடிக்காது, “அடுத்து நீ வாசி” என்று அவசரப்படுத்தாது. ஆகவே பிள்ளை அதிக நேரம் வாசிக்கிறது. அதிகம் வாசித்தால் வாசிப்பு வளரத்தானே செய்யும்? என் கணிப்பில், நாய் செய்வது இவ்வளவுதான், இது சிறிய உதவியும் அல்ல. எழுத்துகளையும் ஒலிகளையும் கற்றுத்தர வேண்டியவர் ஆசிரியர்தான்.

ஆய்வுகளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துச் சோதனையில் போலி மாத்திரை கொடுக்கலாம். போலி நாய் கொடுக்க முடியாது. நாய்ப் பிரியர்களே ஆய்வுக்கு முன்வருகிறார்கள். புதுமையே பாதி வேலையைச் செய்துவிடும். இத்தனைக்கும் நடுவில் நன்றாக வடிவமைத்த ஆய்வுகள் உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் 10 நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைத் தள்ளிநின்று பார்த்தார்கள், அல்லது படங்களைப் பார்த்தார்கள், அல்லது சும்மா காத்திருந்தார்கள். தொட்டவர்களின் உமிழ்நீரில்தான் கார்டிசால் தெளிவாகக் குறைந்திருந்தது. 2019இல் வெளியான இந்த முடிவு குறுகிய காலத்துக்கானது; ஆறு மாதம் கழித்து என்ன என்பதை அது சொல்லவில்லை.

டால்பின் சிகிச்சையின் மேல் எனக்குக் கோபமே வருகிறது. டால்பினோடு நீந்தினால் ஆட்டிசம் தீரும் என்று நம்பவைத்துப் பெற்றோரிடம் பெரும்பணம் வாங்குகிறார்கள். ஆய்வாளர்கள் லோரி மரினோவும் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாக அலசி, எதுவும் தேறவில்லை என்று 1998இலும் 2007இலும் எழுதினார்கள். வியாபாரம் நிற்கவில்லை.

வகுப்பில் விலங்கைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வாமை, நாய்ப் பயம், தடுப்பூசி, கை கழுவுதல் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். பச்சை இறைச்சி தின்னும் நாயின் மலத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அத்தகைய நாய்களைச் சில அமைப்புகள் ஏற்பதே இல்லை. நாயின் நிலையையும் கவனிக்க வேண்டும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? போதும், வெளியே கூட்டிப்போங்கள் என்று அது கேட்கிறது. நாயின் உமிழ்நீரிலும் கார்டிசாலை அளக்க முடியும். இனி இந்தத் துறைக்கு ஆய்வுநிதி ஒதுக்குபவர்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம்: பிள்ளையிடம் மாதிரி எடுக்கும் அதே நாளில் நாயிடமும் எடுத்து, இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.