ஒட்டுக்கத்தியை ஒரு பக்கம் மட்டும் தீட்டுவது ஏன்?

தோட்டத்துக்கு மடக்குக்கத்தி வாங்கப் போனால், கடையிலேயே அதை விரித்து, முனைப் பக்கமிருந்து அலகைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிந்து வந்து விளிம்பில் சந்தித்தால் அது பொதுவேலைக் கத்தி. சணல் அறுக்க, வாடிய கிளை நறுக்க அது போதும். ஒரு பக்கம் தட்டையாக இருந்து மறுபக்கம் மட்டும் சரிந்திருந்தால் ஒட்டுக்கத்தி. மா, ரோஜா ஒட்டுக் கட்டும் ஆசை இருந்தால் இதைத்தான் வாங்க வேண்டும்.

காரணம் பட்டைக்கு அடியில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற மெல்லிய படலம் உண்டு. சில செல்கள் அளவுதான் அதன் கனம். தண்டு பருப்பது இந்தச் செல்கள் பிரிந்து பெருகுவதால்தான். வேரோடு நிற்கும் வேர்ச்செடியின் கேம்பியமும் அதில் பொருத்தும் ஒட்டுக்குச்சியின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டால், புதுத் திசு வளர்ந்து இரண்டையும் பிணைக்கும். அப்புறம் அதற்குள்ளேயே நீர் போகும் குழாய்கள் உருவாகும். இடைவெளி விழுந்தால் குச்சி காய்ந்துவிடும். மழுங்கிய கத்தி செல்களை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய செல்கள் செத்துப் பழுப்பேறி, பூஞ்சைக்கு வழிவிடும்.

இருபக்கச் சரிவுள்ள அலகால் சாய்வாகச் சீவினால், கட்டையின் மேல் படியும் சரிவு அலகைத் திசைதிருப்பும். வெட்டு லேசாகக் குழியும். ஒருபக்கச் சரிவில் தட்டைப் பக்கம் தச்சரின் உளியைப் போல மரத்தோடு ஒட்டி நகர்கிறது, சரிந்த பக்கம் சீவலை மேலே தள்ளுகிறது. வெட்டிய இரண்டு முகங்களையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் அதற்கென்றே செய்த கத்தியைக் கேட்டு வாங்குங்கள். சரிவு மறுபக்கம் இருக்கும்.

எஃகைப் பொறுத்தவரை என் ஓட்டு கார்பன் ஸ்டீலுக்கு. சாதாரணச் சாணைக்கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறும். செடிச்சாற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து அலகைக் கறுக்கவைக்கும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். ஈரத்தோடு மடக்கி வைத்தால்தான் சிவப்புத் துரு வரும். துடைத்து வைக்க நேரமில்லாதவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது.

பூட்டையும் கவனியுங்கள். பிரான்சில் 1890 வாக்கில் பிறந்த ஓபினெல் மடக்குக்கத்தியில், 1955இல் கழுத்துப் பகுதியில் ஒரு வளையம் சேர்த்தார்கள். அதைத் திருகினால் அலகு மடங்காது. பல ஒட்டுக்கத்திகளில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. அவற்றின் முனையால் எதையும் குத்தித் தள்ளாதீர்கள். அலகு விரல் மேல் மடங்கிவிடும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிளீச்சிங் கரைசல் கிருமியைக் கொல்லும், ஆனால் எஃகையும் அரிக்கும்.