காந்தப்பாய்மம், சிதறல்: இரண்டு சொற்களின் கதை

மும்பை செம்பூரில் எங்கள் மாடி வீட்டுப் பெண், பக்கத்திலிருக்கும் ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் ஆராய்ச்சி மாணவி. "மாமா, என் ஆராய்ச்சியைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லணும். ஃபெர்ரோஃப்ளூயிட், ஸ்காட்டரிங், இந்த ரெண்டு சொல்தான்" என்று வந்து நின்றாள். இரண்டு சொல்தானே, சரி என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

ஃபெர்ரோஃப்ளூயிட் என்பது காந்தத்துக்கு இழுபடும் திரவம். ஃபெர்ரம் என்றால் லத்தீனில் இரும்பு. 1960களின் தொடக்கத்தில் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற வெளியில் மிதக்கும் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துவர வழி தேடினார். மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவை மிக நுண்ணிய துகளாக அரைத்து, ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒலியிக் அமிலம் என்ற எண்ணெய்ப்பசையைப் பூசி, எண்ணெயில் மிதக்கவிட்டார். இன்று செய்யப்படும் துகள்கள் பெரும்பாலும் 10 நானோமீட்டர் அளவுதான்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இரும்புப்பாய்மம்'. எனக்கு அது பிடிக்கவில்லை. உருக்கிய இரும்பு என்றுதான் காதில் விழுகிறது. தவிர, கோபால்ட் துகளிலும் இந்தத் திரவத்தைச் செய்கிறார்கள். துகள்கள் அடியில் தங்காமல் கூழ்மமாக மிதப்பதால் 'காந்தக் கூழ்மம்' சரியாக இருக்கும், ஆனால் பாட்டி கேழ்வரகுக் கூழை நினைத்துக்கொள்வாள். எனவே காந்தப்பாய்மம். 'காந்தம்' வடமொழி அயஸ்காந்தத்தின் மிச்சம். இரும்பின் காதலன் என்று பொருள். 'பாய்மம்' திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் பிறந்தது. அது வளிமத்தையும் சேர்த்துக் குறிக்கும் என்பதால் 'காந்த நீர்மம்' என்று கறாராகச் சொல்வோரும் தவறில்லை.

அடுத்தது ஸ்காட்டரிங், அதாவது சிதறல். இதில்தான் மாட்டிக்கொண்டோம். சிதறு தேங்காய் பார்த்து வளர்ந்த பாட்டி, "அப்போ அந்தத் துகள் உடைஞ்சிடுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இயற்பியலில் சிதறுவது இலக்கு அல்ல, அதன்மேல் போய் விழும் கதிர். இலக்கு அப்படியே இருக்கும். கதிர்தான் திசை மாறிப் பல பக்கம் போகும். எந்தக் கோணத்தில் எவ்வளவு போயிற்று என்று எண்ணினால் இலக்கின் அளவும் வடிவமும் தெரியும். 'தெறிப்பு' என்று மாற்றலாமா என்று பார்த்தேன். இலங்கைப் பாடநூல்களில் அது ஒளி பட்டுத் திரும்புவதற்கு ஏற்கெனவே போய்விட்டது. 'சிதைவு' கதிரியக்கத்துக்குரியது. ஒளிச்சிதறல் பள்ளியிலேயே பழகிய சொல். ஆகவே சிதறலே நின்றது.

அவள் ஆராய்ச்சி, காந்தப்பாய்மத்தின் துகள்களை இப்படிச் சிதறலால் அறிவது. ஒளியைப் பாய்ச்சினால் இங்கே பெரிய பயனில்லை. திரவமோ கறுப்பு, ஒளியின் அலைநீளமோ துகளைவிடப் பல மடங்கு பெரிது. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைப் பார்ப்பது. துகளின் நடுவிலுள்ள இரும்புப் பகுதி பளிச்செனத் தெரியும், மேலே பூசிய எண்ணெய்ப்பசைத் தோல் மங்கும். நியூட்ரான் இரண்டையும் பார்க்கும். சாதாரண ஹைட்ரஜனையும் அதன் எடைகூடிய வகையான கன ஹைட்ரஜனையும் அது வேறு வேறாக உணர்வதால், கரைப்பானில் ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்துத் தோலைத் தனியே எடுத்துக்காட்டலாம். நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால் துகளின் காந்தத்தன்மையும் பிடிபடும். காந்தப்புலம் இல்லாதபோது உணர்கருவியில் வட்டமாக விழும் பதிவு, புலம் வந்ததும் திசைக்குத் திசை மாறுகிறது. துகள்கள் சங்கிலி கோத்திருந்தால் அதுவும் அதில் தெரியும். பொருள் பெரிதானால் சிதறும் கோணம் சுருங்கும். இந்தத் துகள்களுக்குச் சில டிகிரிக்குள்தான். அதனால் 'சிறுகோண நியூட்ரான் சிதறல்'.

நியூட்ரானுக்கு 'நொதுமி' என்று ஒரு சொல் உண்டு. நொதுமல் என்றால் நட்புமில்லை, பகையுமில்லை. பெண் கேட்டு வரும் அயலாரை அகத்திணையில் 'நொதுமலர்' என்பார்கள். மின்னேற்றம் இல்லாத துகளுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனாலும் ஆய்வகத்தில் யாரும் சொல்வதில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இந்த நியூட்ரான்கள் வருவது ட்ராம்பேயின் துருவா அணு உலையிலிருந்து. 1985இல் இயங்கத் தொடங்கியது, 100 மெகாவாட். துருவ நட்சத்திரத்தின் பெயர்தான், ஆனால் என் காதில் துருவித் துருவிப் பார்ப்பது என்றே விழுகிறது.

கடைசியில் அவள் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். காந்தத்தை அருகே கொண்டுவந்ததும் கறுப்புத் திரவம் முள்முள்ளாக எழுந்து நின்றது. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பலாப்பழம்டி இது" என்றாள்.